நான் கட்டிய கட்டு

தானே புயலைப் புதுச்சேரிக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம். 2011 டிசம்பர் 30, விடியற்காலை. எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஓடுகள் பறந்து, பரண் மேலிருந்த டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. அந்தப் பெட்டியில் என் மனைவி கல்யாணமான நாளிலிருந்து எழுதிவந்த வீட்டுக் கணக்கு நோட்டுகள் இருந்தன. பால், அரிசி, மீன், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளம், எல்லாம்.

ஒரு வாரம் ஃபேனுக்கு அடியில் விரித்துக் காயவைத்தோம். ஒட்டிக்கொண்ட பக்கங்களை அவள் கத்தி முனையால் ஒவ்வொன்றாகப் பிரிப்பாள். நான் ஸ்கேனரில் வைத்து எடுப்பேன். கண்ணாடி போட்டாலும் எனக்கு அந்த மை கலைந்த எழுத்து தெரியாது. அதனால் அவள் தலைப்பைச் சொல்ல, நான் அதையே ஃபைலுக்குப் பெயராகத் தட்டினேன். தேறியது 212 பக்கம். பூஞ்சணம் பிடித்த நோட்டுகளை அவளே பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டாள். 'அதான் கம்ப்யூட்டர்ல இருக்கே' என்றாள்.

இப்போது நான் செய்த புத்திசாலித்தனத்தைச் சொல்ல வேண்டும்.

பணி ஓய்வு பெற்ற 2010இல் ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தேன். அண்ணன் மகனின் பெண் அப்போது பொறியியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து எனக்குச் சி மொழி சொல்லிக்கொடுத்தாள். அறுபது வயதில் எதற்கு என்று வீட்டில் சிரித்தார்கள். எனக்கென்னவோ பிடித்திருந்தது. பிரெஞ்சு மீடியத்தில் படித்தவர்களுக்கு இலக்கண விதி என்றால் ஒரு கிறுக்கு உண்டு. ஒரு அரைப்புள்ளி விட்டாலும் கோபித்துக்கொள்ளும் இந்த மொழி எங்கள் பழைய வாத்தியாரை நினைவுபடுத்தியது.

212 ஃபைல்களைச் சிதறவிடாமல் ஒரே கட்டாகக் கட்டிவைக்க நானே ஒரு புரோகிராம் எழுதினேன். இந்த வேலைக்கு 'டார்', 'ஜிப்' என்று உலகம் முழுக்க ஓடும் புரோகிராம்கள் உண்டு. தெரிந்தேதான் எழுதினேன். பெயர் 'கட்டு'. ஆபீசில் ஃபைல் கட்டு கட்டியவனுக்கு வேறு என்ன பெயர் தோன்றும்?

கட்டை எப்படி அமைப்பது என்பதற்கு மாதிரி எனக்குள்ளேயே இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சில வருஷம் எத்தா சிவில் பதிவேடுகள் இருந்த பிரிவில் இருந்தேன். பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் வந்த வரிசையில் பதிவாகும். வருஷம் முடிந்ததும் புத்தகத்தின் கடைசியில் அகரவரிசையில் ஒரு பட்டியல் எழுதுவார்கள், பெயருக்கு எதிரே எண்ணோடு. பத்து வருஷத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிய பட்டியல், தாப்ல் தெசெனால் என்போம். யாராவது வந்து தாத்தாவின் பிறந்த தேதி கேட்டால் முதலில் அதைத்தான் புரட்டுவோம். புத்தகம் முழுவதையும் புரட்டினால் ஒரு ஆயுள் போதாது.

பிரெஞ்சில் கம்ப்யூட்டர் ஃபைலுக்கு 'ஃபிஷியே' என்று பெயர். அட்டைகளை அடுக்கிவைக்கும் பெட்டிக்கு முன்பு வழங்கிய பெயர் அது. ஃபோல்டருக்கு 'ரெப்பெர்த்துவார்', அதாவது பட்டியல் புத்தகம். கம்ப்யூட்டரையே 'ஒர்தினாத்தேர்' என்பார்கள். 1955இல் ஐபிஎம் கேட்டுக்கொண்டதற்காக ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் எடுத்துக்கொடுத்த சொல். ஒழுங்குபடுத்துகிறவன் என்று பொருள். எனக்கு அது குமாஸ்தா என்றுதான் கேட்கும்.

ஆக, என் கட்டிலும் முதலில் ஃபைல்கள் ஒன்றன்பின் ஒன்றாக. கடைசியில் பட்டியல். அதற்கும் கடைசியில் மொத்தம் எத்தனை என்ற எண். ஜிப் ஃபைலிலும் பட்டியல் கடைசியில்தான் இருக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். 1989இல் ஃபில் காட்ஸ் என்ற அமெரிக்கர் கொண்டுவந்த முறை. புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் முன்னால் இருப்பதைக் கலைக்க வேண்டியதில்லை.

பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் சி மொழியில் ஒரு 'ஸ்ட்ரக்ட்' எழுதினேன். கோடு போட்ட பதிவேட்டின் ஒரு வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டம் பெயருக்கு, 64 பைட். அடுத்தது பக்கத்தின் வகை, 2 பைட். அடுத்தது ஃபைலின் அளவு, 4 பைட். கடைசியில் கட்டுக்குள் அது எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதற்கு 4 பைட். கூட்டினால் 74. கம்ப்யூட்டரைக் கேட்டால் 76 என்றது. எண்களை நான்கின் மடங்கான இடத்தில் உட்காரவைத்தால்தான் அதற்கு வசதியாம். அதனால் நடுவில் 2 பைட்டைக் காலியாக விட்டிருக்கிறது. அந்தக் காலி இடத்தைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பேத்தி அப்போதே சொன்னாள். 'சின்னத் தாத்தா, ஸ்ட்ரக்ட்டை அப்படியே தூக்கி ஃபைல்ல எழுதாதீங்க. ஒவ்வொரு கட்டமா எழுதுங்க.' ஒரே வரியில் முடிகிற வேலையை எதற்கு நான்கு வரியாக எழுத வேண்டும் என்று விட்டுவிட்டேன். கட்டி முடித்து, மூன்று நான்கு பக்கங்களைப் பிரித்துப் பார்த்தேன். சரியாக வந்தன. தனித்தனி ஃபைல்களை அழித்துவிட்டேன். ஒரு பென் டிரைவில் கட்டை நகல் எடுத்து வைத்தேன். அது பாதுகாப்பு என்று நினைப்பு. தப்பான பதிவை இரண்டு புத்தகத்தில் எழுதிவைப்பது போலத்தான்.

2016இல் அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு ராத்திரியில் தூக்கம் வராவிட்டால் கட்டிலிருந்து ஏதாவது ஒரு பக்கத்தை எடுத்துப் பார்ப்பேன். திரையில் பெரிதாக்கினால் எழுத்து தெரிந்தது. 1988, 89 பக்கங்களில் மாதாமாதம் ஒரு வரி வரும், 'ப.வீ. 25' என்று. என்னவென்று புரியவில்லை. பையனைக் கேட்டேன், அவனுக்கும் தெரியவில்லை. சீட்டாக இருக்கும் என்றான்.

2019இல் பழைய கம்ப்யூட்டர் ஒருநாள் அடியோடு நின்றுபோனது. பையன் லேப்டாப் வாங்கிக்கொடுத்தான். பென் டிரைவில் கட்டும் இருந்தது, நான் எழுதிய புரோகிராமும் இருந்தது. புதிய கம்ப்யூட்டரில் அதை மறுபடி கம்பைல் செய்து ஓட்டினேன். பெயர்களுக்குப் பதில் கட்டம் கட்டமாக, கேள்விக்குறியாக ஏதோ வந்தது. ஒரு பக்கம்கூடப் பிரியவில்லை.

அன்று ராத்திரி சாப்பிடவில்லை. நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டது நினைவுக்கு வந்து வந்து போனது.

மறுநாள் 'ஹெக்ஸ்டம்ப்' என்ற கருவியால் கட்டைத் திறந்து, உள்ளே இருக்கும் பைட்டுகளை வரிசையாகத் திரையில் கொட்டவைத்தேன். கடைசிப் பகுதிக்குப் போனால், நான் தட்டிய 1979, 1983 என்ற வருஷங்கள் எண்ணாகவே தெரிந்தன. பட்டியல் அழியவில்லை! ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவே எத்தனை பைட் என்று பென்சிலால் புள்ளி வைத்து எண்ணினேன். 76. பிறகு இரண்டு வரியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதி, அதே ஸ்ட்ரக்ட்டின் அளவு என்ன என்று லேப்டாப்பைக் கேட்டேன். 88 என்றது.

பழையது 32 பிட் கம்ப்யூட்டர், புதியது 64 பிட். நான் 'லாங்' என்று எழுதிய எண் பழையதில் 4 பைட், புதியதில் 8 பைட். எட்டின் மடங்கில் உட்காரவைப்பதற்காகக் காலி இடமும் 2 பைட்டிலிருந்து 6 பைட் ஆகிவிட்டது. வரிக்கு 12 பைட் கூடுதல். 212 வரிக்கு 2544 பைட். பட்டியல் தொடங்கும் இடத்தைக் கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணிக் கண்டுபிடிக்கும் என் புரோகிராம், 2544 பைட் தாண்டிப் போய், கடைசிப் படத்தின் நடுவில் நின்றுகொண்டு அதைப் பட்டியல் என்று படித்துக்கொண்டிருந்தது.

எத்தா சிவில் பதிவேட்டில் ஒரு விதி உண்டு. பிரெஞ்சு சிவில் சட்டத்திலேயே இருந்தது. சுருக்கெழுத்து எதுவும் கூடாது, தேதியை எண்ணால் எழுதக்கூடாது, எழுத்தால் எழுத வேண்டும். மையும் கையெழுத்தும் மாறினாலும் எழுத்தால் எழுதியது தப்பாகாது என்ற எண்ணம். 1979இல் வந்த 'டார்' அதைத்தான் செய்கிறது என்று இந்தச் சிக்கலுக்குப் பிறகுதான் படித்தேன். ஒவ்வொரு ஃபைலுக்கும் முன்னால் 512 பைட்டில் ஒரு முகப்புத் தாள். அதில் பெயருக்கு 100 பைட், அளவுக்கு 12 பைட். அந்த அளவை எந்திரத்தின் எண்ணாக வைக்காமல், நாம் தாளில் எழுதுவது போல இலக்கம் இலக்கமாக எழுத்தாகவே எழுதுகிறது. எட்டை அடியாகக் கொண்ட கணக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் எந்தக் கம்ப்யூட்டரில் கட்டினாலும் எதிலும் பிரியும். இத்தனை வருஷம் அந்த விதிப்படி எழுதிய பதிவேடுகளைப் புரட்டியவன், என் வீட்டுப் பதிவேட்டுக்கு அதை மறந்துவிட்டேன்.

புரோகிராமைத் திருத்தினேன். ஸ்ட்ரக்ட்டாக வாங்காமல், 76 பைட்டைப் பைட் பைட்டாக வாங்கி, எந்தக் கட்டம் எங்கே என்று நானே எண்ணிப் பிரித்தேன். மூன்று ராத்திரி ஆனது. (பெங்களூரில் வேலையில் இருந்த பேத்தியிடம் பெருமையாகச் சொன்னேன். கம்பைல் செய்யும்போது எம்32 என்று ஒரு சுவிட்ச் போட்டிருந்தால் 32 பிட் புரோகிராமாகவே வந்திருக்கும், அன்றைக்கே பிரிந்திருக்கும் என்றாள். அதை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா என்றேன். நீங்க முதல் நாள் கேக்கலையே சின்னத் தாத்தா என்றாள்.)

பிரிந்தது. ஃபோல்டரில் எண்ணிப் பார்த்தால் 209. பட்டியலில் 212. மூன்று குறைந்தது.

குமாஸ்தா புத்தி விடுமா? ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். '1987 நவம்பர் மருத்துவமனை' என்று தொடங்கிப் பெயர் பாதியில் உடைந்த வரி நான்கு இருந்தது. நான்குக்கும் ஒரே பெயர். தட்டும்போது 'செலவு 1' முதல் 'செலவு 4' வரை என்றுதான் தட்டியிருப்பேன். தமிழில் ஒரு எழுத்துக்கு 3 பைட், கொம்போ காலோ புள்ளியோ சேர்ந்தால் இன்னொரு 3. 64 பைட் என்பது இங்கிலீஷ் பெயருக்குத் தாராளம். நம் 'மருத்துவமனை'க்கு மட்டும் 33 பைட் போய்விடுகிறது. 'செலவு' என்பதன் முதல் எழுத்திலேயே இடம் தீர்ந்து, எண் விழவே இல்லை. பிரிக்கும்போது ஒன்றின் மேல் அடுத்ததை எழுதி, கடைசிப் பக்கம் மட்டும் மிஞ்சியது. பழைய கம்ப்யூட்டரிலும் இதுதான் நடந்திருக்கும். நான்தான் பார்க்கவில்லை.

நல்லவேளை, கட்டுக்குள் நான்கும் இருந்தன. பெயருக்கு முன்னால் வரிசை எண் சேர்த்துப் பிரித்தேன். 212.

1987 நவம்பரில் எனக்கு டைபாய்டு. பதினாறு நாள் நர்சிங் ஹோமில் கிடந்தேன். பணத்துக்கு என்ன செய்தாய் என்று கேட்டதற்கு, அண்ணன் கொடுத்தார், திருப்ப வேண்டாம் என்றுவிட்டார் என்றாள். மச்சானிடம் அதைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சம். விட்டுவிட்டேன்.

இரண்டாவது பக்கத்தில், 'பக்கத்து வீட்டம்மா கைமாற்று 600' என்று இருந்தது. அதன் கீழே, 'மாதம் 25. இவருக்குத் தெரிய வேண்டாம்.'

ப.வீ. என்பது அதுதான். 88 ஜனவரியிலிருந்து 89 டிசம்பர் வரை இருபத்துநான்கு மாதம். அந்த இரண்டு வருஷமும் மாசக் கடைசியில் பணம் போதவில்லை என்பாள். என் சம்பளத்தில் போதாமல் எங்கே போகிறது, கணக்கு எழுதி என்ன பிரயோசனம் என்று நான் ஒருநாள் பிள்ளைகள் முன்னால் கேட்டிருக்கிறேன். அவள் பதில் சொல்லாமல் அடுப்படிக்குப் போனாள். அது எந்த மாதம் என்று எனக்கு நினைவில்லை. அந்தப் பக்கம் தேறியதா, தண்ணீரில் போனதா என்றும் தெரியாது.

இப்போது எல்லாவற்றையும் டாரில் கட்டி மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன். பட்டியலைப் பிரின்ட் எடுத்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். அதில் 'ப.வீ.' என்பதற்கு விளக்கமும் உண்டு.

பக்கத்து வீட்டம்மா பிரான்சில் மகன் வீட்டில் இருக்கிறார். தொண்ணூறை நெருங்கிவிட்டார். பையன் நம்பர் தேடிக்கொடுத்தான், பேசினேன். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

'அறுநூறா தம்பி? நான் ஐநூறு கொடுத்ததாத்தானே ஞாபகம். நூறு ரூபா அதிகமா வாங்கிட்டேனா?'

இல்லைம்மா, அறுநூறுதான், எழுதியிருக்கு என்றேன். எழுதியிருந்தா சரிதான் என்றார். பிறகு, அங்கே குளிர் எப்படி, இங்கே மழை எப்படி என்று பேசிக்கொண்டிருந்தோம்.