காப்போரையும் காப்போம்

ஏலக்காயின் மணத்தை எல்லோரும் அறிவர். ஏலத்தோட்டத்தில் தெளிக்கும் மருந்தின் நெடியை அறிந்தவர் சிலரே. நான் அந்த நெடிக்கு நடுவே வளர்ந்தவன். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜீப்பில் மலையேறி உடும்பஞ்சோலைப் பக்கம் கூலிக்குச் செல்வோர் என் உறவினர். பாலக்காட்டு எல்லையில் முதலமடை மாந்தோப்புகளிலும் மருந்து தெளிக்கிறார்கள். பயிருக்கு அது மருந்து, மனிதனுக்கு நஞ்சு.

நஞ்சேறி மயங்கியவரை மருத்துவமனைக்குத் தூக்கி வருகிறார்கள். அவர் பிழைப்பாரா என்று எல்லோரும் கேட்கிறோம். அவரைத் தொட்டுத் தூக்கியவரைப் பற்றி யாரேனும் கேட்பதுண்டா?

என் சித்தி எல்லைப்புறத்து மருத்துவமனை ஒன்றில் துப்புரவுப் பணி செய்கிறார். மருத்துவரும் செவிலியரும் கையுறை அணிந்திருப்பர். நஞ்சில் நனைந்த துணியை அள்ளுவதும் வாந்தியைத் துடைப்பதும் சித்தியின் வேலை, அதுவும் வெறுங்கையால். "அன்னிக்கெல்லாம் தலை கிறுகிறுன்னு வரும், கண்ணு மங்கும். மோர் குடிச்சாச் சரியாப் போயிரும்" என்பார். மோருக்கு அடங்கும் நஞ்சன்று அது. எச்சரிக்கைப் பலகை ஒன்று அங்கே உண்டு. அது மலையாளத்தில் இருக்கிறது. சித்திக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும்.

பூச்சி மருந்துகளில் பல ஆர்கனோபாஸ்பேட் வகையைச் சேர்ந்தவை. அவை வாய் வழியாக மட்டுமன்றித் தோல் வழியாகவும் உடலுள் புகும். நரம்புகளின் இயக்கத்தைச் சீராக வைக்கும் நொதி ஒன்றை அவை முடக்கிவிடும். கண்பாவை சுருங்கும், எச்சில் பெருகும், மூச்சுத் திணறும். 1958இல் கேரளத்தில், இவ்வகையைச் சேர்ந்த பாரத்தியான் கலந்த உணவுப்பொருளை உண்டு 100-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னர் 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது.

நோயாளியைத் தொடுபவருக்கு நேரும் தீங்கை உலகம் நன்கு உணர்ந்தது டோக்கியோவில். 1995 மார்ச் 20 அன்று அங்கே சுரங்க ரயிலில் சரின் என்னும் நஞ்சைப் பரப்பினர். சரினும் இதே இனம். புனித லூக்கா மருத்துவமனைக்கு அன்று 600-க்கு மேற்பட்டோர் வந்தனர். உடை களையாமலே உள்ளே சேர்க்கப்பட்டனர். பின்னர் விசாரித்தபோது, பணியாளருள் 23 விழுக்காட்டினர் தமக்கும் நஞ்சின் அறிகுறிகள் தோன்றியதாகக் கூறினர். காற்றோட்டமில்லாத வழிபாட்டுக் கூடத்தில் பணி செய்தோரே மிகுதியாகத் துன்புற்றனர்.

இதைத் தடுக்கப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. நோயாளியின் உடையைக் களைந்தாலே உடலின் மேலுள்ள நஞ்சில் பெரும்பகுதி நீங்கும். பிறகு சோப்பும் தண்ணீரும். களைந்த துணியைப் பையிலிட்டுக் கட்ட வேண்டும். சன்னல்கள் திறந்திருக்க வேண்டும். மெல்லிய ரப்பர் கையுறையை இந்நஞ்சு ஊடுருவக்கூடும். நைட்ரைல் கையுறையே ஏற்றது. இவற்றுக்காகச் சிகிச்சையைத் தாமதிக்கவும் வேண்டாம். மூச்சுக்கு உதவியும் அட்ரோபின் ஊசியும் ஒருபுறம் நடக்க, மறுபுறம் உடையைக் களையலாம்.

நண்பர்களே, நம்முள் மருத்துவமும் வேதியியலும் பயில்வோர் பலர் இருக்கிறோம். எல்லைப்புற மருத்துவமனைகளுக்கென்று இச்செய்திகளைத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே தாளில் நம் சங்கம் அச்சிட்டுக் கொடுக்கலாம். அதை மருத்துவரின் மேசையில் வைக்க வேண்டாம். துடைப்பமும் வாளியும் இருக்கும் அறையின் கதவில் ஒட்டுவோம்.