முஷ்டிக்கு வேலையில்லை

மார்ச் 2, ஞாயிறு

பரணில் கிடந்த அட்டைப்பெட்டியை இன்றுதான் இறக்கினேன். மேலாகவே இருந்தது ‘டூம் பேட்ரோல்’ சூப்பர்ஹீரோ காமிக்ஸ். ஸ்காட்லாந்துக்காரரான கிராண்ட் மாரிசன் 1989இல் 19ஆம் இதழிலிருந்து எழுதத் தொடங்கிய தொடர். படங்கள் பெரும்பாலும் ரிச்சர்ட் கேஸ்.

கதை மனநல மருத்துவமனையில் ஆரம்பிக்கிறது. கிளிஃப் ஸ்டீல் ஒரு கார்ப் பந்தய வீரன். விபத்தில் தப்பிய மூளை மட்டும் இப்போது இரும்பு உடம்புக்குள். மழை மேலே விழுந்தாலும் உறைக்காது. அங்கேதான் ஜேனைப் பார்க்கிறான். ஒரே பெண்ணுக்குள் 64 பேர், ஆளுக்கொரு சக்தி.

மார்ச் 4

தூக்கம் கெட்டது. பாரிஸ் நகரத்தையே விழுங்கும் ஓவியம் வரும் பகுதி, 26 முதல் 29 வரையிலான இதழ்கள். அந்த ஓவியத்தைத் திருடுவது ‘டாடா சகோதரத்துவம்’ என்ற வில்லன் கூட்டம். அதில் ‘குவிஸ்’ என்று ஒருத்தி: எதிராளி நினைத்துப் பார்க்காத சக்தி எல்லாம் அவளுக்கு உண்டு. அவளை அடக்க, வாயில் வந்த சக்திகளையெல்லாம் சொல்லிக்கொண்டே போக வேண்டும்! ஓவியத்துக்குள் கிளம்பும் ஊழிக்காலக் குதிரைவீரனும் அடிபட்டுச் சாவதில்லை. ஓவியத்தின் அடுக்குகளில் எதற்கும் அர்த்தமில்லாத டாடா அடுக்குக்குள் அவனை இழுத்து வருகிறார்கள், மரக்குதிரையாகிவிடுகிறான். பிரெஞ்சில் ‘டாடா’ என்றால் குழந்தைகளின் விளையாட்டுக் குதிரை.

இத்தனைக்கும் நடுவே கிளிஃப், டூம் பேட்ரோல் குழுவிலேயே பலசாலி, கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறான். சூப்பர்ஹீரோ கதையில் முஷ்டியை இப்படி வேலையில்லாமல் நிறுத்தத் துணிச்சல் வேண்டும்.

மார்ச் 5

தாடிக்காரர்களை வேட்டையாடுபவன் வரும் 45ஆம் இதழ். முதலில் படித்த அன்று விழுந்து விழுந்து சிரித்தேன். இன்று பாதியில் மூடிவிட்டேன்.

மார்ச் 7

டேனி என்ற தெரு 35ஆம் இதழில் வருகிறது. உயிருள்ள தெரு, ராத்திரியில் எந்த ஊருக்குள்ளும் சந்தடியில்லாமல் நுழைந்து இடம்பிடித்துக்கொள்ளும். துப்பாக்கிக் கடை ஜன்னலில்கூட லேஸ் திரை. கடைப் பலகைகள் வழியாகப் பேசும். பெண்வேடக் கலைஞர் டேனி லா ரூவின் பெயரைத் தழுவி வைத்த பெயர். வீடு வாசலில்லாதவர்களுக்கு வீடாகவே ஒரு தெருவைக் கொடுத்தார் பாருங்கள், மாரிசனின் மொத்தக் கற்பனையில் எனக்கு இதுதான் முதலிடம்.

மார்ச் 9, ஞாயிறு

முடித்தாயிற்று. 1993 ஜனவரி தேதியிட்ட 63ஆம் இதழோடு மாரிசன் விலகினார். 64 முதல் எழுதியவர் ரேச்சல் பொல்லாக். அட்டையில் வெர்டிகோ என்ற பதிப்பு முத்திரை. அவை என் பெட்டியில் இல்லை.