புல் முடிச்சு

பத்துப்பாட்டில் ஆற்றுப்படை நூல்கள் ஐந்து. அவற்றுள் அளவால் பெரியது, 583 அடிகளைக் கொண்ட மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் பாடிய இந்நூலுக்குக் கூத்தராற்றுப்படை என்னும் பெயரும் உண்டு. பரிசில் பெற்று மீளும் கூத்தர் தலைவன், எதிர்ப்பட்ட மற்றொரு கூத்தர் கூட்டத்திற்கு நன்னனின் ஊருக்குச் செல்லும் வழியைச் சொல்கிறான். அவ்வூர் செங்கண்மா. இன்று செங்கம் என்று வழங்குகிறது. திருவண்ணாமலையிலிருந்து மேற்கே சுமார் 35 கிலோமீட்டர்.

இருபத்தைந்து ஆண்டுகளாக இந்நூலை வகுப்பறையில் நடத்தியிருக்கிறேன். ஒருநாள் பாடம் முடியும் நேரத்தில் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, இந்த வழியில் நீங்கள் போயிருக்கிறீர்களா?” என்று கேட்டாள். பேருந்தில் பலமுறை போயிருக்கிறேன் என்றேன். “பேருந்தில் போனால் மேடு பள்ளம் தெரியாதே, ஐயா” என்றாள். அரசு அவ்வாண்டு வழங்கிய மிதிவண்டியில் நாள்தோறும் எட்டுக் கிலோமீட்டர் வந்துபோகிறவள் அவள். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். வீட்டிற்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. கூத்தர்கள் கால்களால் அளந்த நிலத்தை நான் சன்னலோர இருக்கையிலிருந்து பார்த்துவிட்டுக் கால் நூற்றாண்டாக விளக்கவுரை சொல்லி வந்திருக்கிறேன்.

எங்கள் பள்ளியின் இயற்பியல் ஆசிரியர் ஞாயிறுதோறும் மிதிவண்டியில் கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரையும் சுற்றி வருபவர். அரையாண்டு விடுமுறையில் செங்கம் சென்று, அங்கிருந்து பர்வதமலை அடிவாரம் வழியாக ஊர் திரும்பலாம் என்று அவரிடம் சொன்னேன். மொத்தம் நூறு கிலோமீட்டர் அளவில் வரும். ஐம்பது வயதைக் கடந்த இருவருக்கு அது சிறிய தொலைவன்று. “மார்கழியில் முடியும், சித்திரையில் என்னைக் கூப்பிடாதீர்கள்” என்றார்.

அவர் சொன்னதில் பொருள் உண்டு. எங்கள் ஊரைச் சூழ்ந்திருப்பவை பெரும்பாலும் பாறை மலைகள். கோடையில் பகலெல்லாம் குடித்த வெயிலை அவை இரவெல்லாம் உமிழும். கோவளத்துக் கடற்கரையில் அலைச்சறுக்குப் பழகுவோருக்கும் பிச்சாவரத்துச் சதுப்புநிலக் காட்டில் துடுப்பு வலிப்போருக்கும் உடலை நனைக்க நீராவது உண்டு. சாலையில் மிதிப்பவனுக்குக் காற்று ஒன்றே துணை. அது குளிர்ந்திருக்க வேண்டும். தொல்காப்பியர் குறிஞ்சி நிலத்திற்குக் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதாக வகுத்தார். மலைநாட்டின் அழகு கருதியே அப்படி வகுத்தார் என்று சொல்லி வந்த நான், அதில் நடப்பவனின் வசதியும் அடங்கியிருக்குமோ என்று இப்போது ஐயுறுகிறேன்.

விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். தெருக்களில் வாசல் தெளிக்கும் ஓசை தொடங்கியிருந்தது. சில வீடுகளின் முன் கோலத்தின் நடுவே சாணவுருண்டையில் பூசணிப்பூ அமர்ந்திருந்தது. இரமணாசிரமத்தைக் கடந்ததும் விளக்குகள் குறைந்தன. பேசினால் வாயிலிருந்து ஆவி வந்தது. கைப்பிடியைப் பற்றிய விரல்கள் மரத்துப்போய், பிரேக்கைப் பிடிக்கிறோமா விடுகிறோமா என்பதே சற்று நேரம் தெரியவில்லை. பின்னால் கிழக்கு வெளுத்தபோது திரும்பிப் பார்த்தேன். அண்ணாமலை தன் அடிவாரத்துப் பனியின்மேல் தனியே நின்றது.

செங்கம் செல்லும் சாலையைச் சமதரை என்றே நினைத்திருந்தேன். அது மெல்ல மெல்ல ஏறுகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஏற்றத்தை முழங்கால்கள் பத்தாவது கிலோமீட்டரிலேயே அறிந்துகொண்டன. மாணவி சொன்னது சரி என்று அங்கேயே ஒப்புக்கொண்டேன். நண்பரின் வண்டியில் கியர் உண்டு; என்னுடையது பழைய வண்டி. சில மேடுகளில் இறங்கித் தள்ளினேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குளிரில் வியர்வை வழியும் முன்பே காய்ந்துவிடுவதால் தாகம் தெரியாது, ஆனால் உடல் நீரை இழந்துகொண்டுதான் இருக்கும் என்று சொல்லி, அரைமணிக்கு ஒருமுறை நண்பர் என்னைத் தண்ணீர் குடிக்க வைத்தார்.

செங்கத்தில் சேயாற்றின் கரையில் வண்டிகளைச் சாய்த்துவிட்டு இட்டலி தின்றோம். இன்று செய்யாறு என்று அழைக்கப்படும் இவ்வாறு சவ்வாது மலையில் பிறந்து இவ்வழியே ஓடிப் பாலாற்றில் கலக்கிறது. நன்னனின் ஊர் இதன் கரையில் இருந்ததாகவே நூல் சொல்கிறது. அங்கே அமர்ந்தபோது நூலின் ஓர் இயல்பு எனக்குப் புதிதாகப் பட்டது. மலையின் வளத்தையும் அதில் எழும் பல்வேறு ஓசைகளையும் விரித்துரைக்கும் புலவர், அதே அளவு அக்கறையோடு அச்சங்களையும் சொல்கிறார். பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் இருக்கும். இருள் நீங்கிய பின்னரே செல்லுங்கள். தினைப்புனம் காப்போர் யானையை விரட்ட எறியும் கவண்கல் பாயும். மரங்களின் பின்னே மறைந்து செல்லுங்கள். வழுக்கும் இடங்களில் கொடிகளைப் பற்றிக்கொள்ளுங்கள். மலையை வணங்குகிறவனே அதற்கு அஞ்சவும் தெரிந்தவன். 2024 டிசம்பர் முதல் நாள் பெருமழையில் எங்கள் அண்ணாமலையின் சரிவு இடிந்து விழுந்து எழுவர் மாண்டனர். அதன்பின் அந்த அடிகளை நான் வேகமாகக் கடந்ததில்லை.

செங்கத்திலிருந்து வடகிழக்கே திரும்பியதும் வாடை முகத்தில் அறைந்தது. சமதரையிலும் மேட்டில் ஏறுவது போல் மிதிக்க வேண்டியிருந்தது. ஒருவர் முன்னே சென்று காற்றைக் கிழிக்க, மற்றவர் அவர் முதுகின் பின்னே ஒடுங்கி வந்தோம். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை இடம் மாறினோம். இருபுறமும் நிலக்கடலைக் கொல்லைகள், ஏரிகள், கரையில் கொக்குகள். நண்பகலுக்குப் பின் பர்வதமலை முழுவதுமாகத் தெரிந்தது. மலைபடுகடாம் கூறும் நவிரமலை இதுவே என்பர் அறிஞர். உச்சியிலுள்ள கோயிலுக்குச் செல்லும் அடியார்கள் செங்குத்தான பாறையில் இரும்புச் சங்கிலிகளையும் பாறையில் அறைந்த கம்பிகளையும் பற்றி ஏறுகிறார்கள். அன்று கொடி, இன்று சங்கிலி. நாங்கள் ஏறவில்லை. அடிவாரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

துன்பம் திரும்பும் வழியில் வந்தது. மாலை நான்கரை மணியளவில் நண்பரின் பின்சக்கரம் காற்றிழந்தது. வேலிக்காத்தான் முள். மாற்று ட்யூப் கொண்டு வந்திருந்தோம். காற்றடிக்கும் பம்பு வேலை செய்யவில்லை. கைப்பேசியில் தொடர்பு கிடைக்கவில்லை. அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவது, நான் முன்னே சென்று பஞ்சர் ஒட்டுபவரை அழைத்து வருவது என்று முடிவு செய்தோம். சற்றுத் தொலைவில் சாலை இரண்டாகப் பிரிந்தது. பெயர்ப்பலகை இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டியிடம் கேட்டு இடப்பக்கம் திரும்பினேன். திரும்பும் முன் ஒரு நினைவு வந்தது. வழி பிரியும் இடங்களில் பின்வருவோர் அறியுமாறு புல்லை முடிந்து வைக்கச் சொல்கிறார் புலவர். எத்தனை முறை தேர்வில் கேட்ட வினா! வண்டியை நிறுத்தி, சாலையோரம் நெடிதாக வளர்ந்திருந்த கோரைப்புல்லை ஒரு கைப்பிடி சேர்த்து முடிந்தேன். உள்ளுக்குள் சற்றுப் பெருமிதமாகவே இருந்தது.

அடுத்த ஊரில் கடைக்காரரைக் கண்டுபிடித்து, காற்றுப் பம்போடு அவரை இருசக்கர வாகனத்தில் பின்தொடரச் செய்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. இதற்குள் நண்பர் பாதி வழியாவது வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்போதுதான் என் வண்டியில் தொங்கிய பையைப் பார்த்தேன். அதில் எங்கள் உணவு முழுவதும் இருந்தது. நண்பருக்கு நீரிழிவு உண்டு. நேரத்திற்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கி மயங்கிவிடுவார். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் பையை எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். பாட்டில் வந்த புல் நினைவுக்கு வந்தது, பையிலிருந்த உணவு நினைவுக்கு வரவில்லை. அந்த மூன்று கிலோமீட்டரை எப்படி மிதித்தேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

அவர் சாலை பிரியும் இடத்திலேயே ஒரு கல்லின்மேல் அமர்ந்திருந்தார். முகம் வெளிறியிருந்தது. கையில் பாதி தின்ற வெல்லக்கட்டி. ஆடுகளை ஓட்டிக்கொண்டு புறப்பட்ட மூதாட்டி, கை நடுங்க நின்ற அவரைக் கண்டு, தன் மடியிலிருந்த பொரிகடலையையும் வெல்லத்தையும் கொடுத்து உட்காரவைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவரது பெயரைக்கூட நண்பர் கேட்டுக்கொள்ளவில்லை.

“முடிச்சைப் பார்க்கவில்லையா, சார்?” என்றேன்.

“பார்த்தேன். நீங்கள் கட்டியதுதான் என்றும் தெரிந்தது. இரண்டு சாலைக்கும் நடுவில் அல்லவா நிற்கிறது? இந்தப் பக்கம் வா என்கிறதா, போகாதே என்கிறதா என்று விளங்கவில்லை. தவறான பக்கம் போவதைவிட இருந்த இடத்தில் இருப்பது மேல் என்று உட்கார்ந்துவிட்டேன்.”

முடிச்சைப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. கைக்கு எட்டிய புல்லில் கட்டியிருந்தேன், அவ்வளவே. அன்றிரவு ஒன்பது மணிக்கு ஊர் வந்து சேர்ந்தோம்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, வகுப்பில் எதையும் மறைக்காமல் சொன்னேன். அந்த மாணவி புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கவனிக்கவில்லையோ என்று நினைத்தேன்.

“ஐயா, புல்லை முடிவதற்கு முன்னால் இன்னொரு வேலையும் சொல்லியிருக்கிறாரே. வழிகள் கூடும் இடத்தைத் துடைத்துவிட்டு அப்புறம்தான் முடியச் சொல்கிறார். நீங்கள் துடைத்தீர்களா?”

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். அந்தச் சொல் அங்கேதான் இருந்தது.