சிரித்தபடியே ஒரு பதிலடி

லில்லி ஆலனின் 'ஸ்மைல்' பாட்டை ரொம்ப நாள் கழித்துக் கேட்டேன். இன்னும் அப்படியே இழுக்கிறது! 2006-ல் வந்தபோது அந்த லண்டன் பெண்ணுக்கு 21 வயது. மைஸ்பேஸ் இணையதளத்தில் பாட்டுகளை ஏற்றியே ரசிகர்களைச் சேர்த்தவர்.

ஜமைக்காவின் ஜாக்கி மிட்டூ 60-களில் போட்ட 'ஃப்ரீ சோல்' இசையிலிருந்து எடுத்த துணுக்குதான் இதன் அடித்தளம். தாளத்தின் இடைவெளிகளில் வெட்டி வெட்டி விழும் ரெக்கே ஆர்கன். அதன்மேல் லண்டன் பேச்சுவழக்கில் ஒரு பாப் மெட்டு. பாடும் பெண்ணுக்குத் துரோகம் செய்த காதலன் இப்போது அழுகிறான். அவளுக்குச் சிரிப்பு வருகிறது. மெட்டில் தேன், சொல்லில் காரம். குரல் ஓரிடத்திலும் உயரவில்லை.

பிரிட்டனில் முதலிடம் பிடித்த பாட்டு. கோபத்தைக் கத்தாமலும் சொல்லலாம் என்று எனக்குக் காட்டியது இதுதான். கேட்காதவர்கள் கேளுங்கள், அந்த ஆர்கனைத் தவறவிடாதீர்கள்.