மாமன் குடித்ததில்லை

இரவு ஒன்பது மணிக்கு ஒரு மாத்திரை. டெனோஃபோவிர், 300 மில்லிகிராம். மூன்று வருஷம் அதை ஒரு வைட்டமின் டப்பாவுக்குள் போட்டு வைத்திருந்தேன்.

"அதென்ன கண்ணு, தெனமும் திங்கற?" என்று ஒருநாள் அம்மா கேட்டாள்.

"சத்து மாத்திரைம்மா."

"எனக்கும் ஒண்ணு குடேன், காலெல்லாம் ஓயுது."

டப்பாவைச் சட்டென்று வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அம்மாவுக்கு முகம் சுண்டிப் போனது. ஒரு மாத்திரைக்குக் கணக்குப் பார்க்கிறான் என்று நினைத்திருப்பாள்.

2019-ல் சரவணம்பட்டியில் எங்கள் ஆபீஸில் ரத்த தான முகாம் போட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து போன் வந்தது, நேரில் வரச் சொன்னார்கள். ஹெபடைடிஸ் பி. அங்கிருந்தவர் என் முகத்தைப் பார்க்காமலேயே, "கல்யாணம் ஆகலைல்ல? வேற பழக்கம் ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. அந்த ஒரு கேள்விதான் என்னை வைட்டமின் டப்பா வாங்க வைத்தது.

ஈரல் டாக்டர் அப்படிக் கேட்கவில்லை. வளர்ந்தவர்களுக்கு இந்தக் கிருமி தொற்றினால் பெரும்பாலோருக்கு உடம்பே அதை விரட்டிவிடுமாம். பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஆயுசுக்கும் தங்கிவிடும். "அம்மாவை ஒருதடவை டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். மூன்று வருஷம் வாயைத் திறக்கவில்லை. உன்னிடமிருந்துதான் வந்தது என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

என் ஈரலில் தழும்பு விழத் தொடங்கியிருந்ததால் உடனே மாத்திரை ஆரம்பித்தார்கள். எனக்கு அது புரிந்த விதம் இதுதான்: கிருமியின் மூலப்பத்திரம் ஈரல் செல்லின் கருவுக்குள் பத்திரமாக இருக்கிறது. மாத்திரையால் அந்த பீரோவைத் திறக்க முடியாது. வெளியே ஓடுகிற ஜெராக்ஸ் மிஷினை மட்டும் நிறுத்தி வைக்கும். மாத்திரையை நிறுத்தினால் மிஷின் மறுபடி ஓடும். ஆகவே 'கொணமாயிருச்சா?' என்ற கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. 'கட்டுல இருக்குது' என்று மட்டும் சொல்லலாம்.

இதெல்லாம் தெரிந்தும் 2022-ல் நிறுத்தினேன். தங்கச்சி கல்யாணம். வீடு நிறையச் சொந்தம், எங்கே திரும்பினாலும் ஒரு அத்தை. ரிப்போர்ட்டிலும் ரெண்டு வருஷமாகக் 'கிருமி கண்டறியப்படவில்லை' என்றுதான் வந்துகொண்டிருந்தது. டப்பா அட்டத்துக்குப் போனது, கல்யாணம் முடிந்தும் அங்கேயே கிடந்தது. ரெண்டரை மாதத்தில் சோறு கசந்தது, கண் மஞ்சளானது.

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. வாய்க்கால் மேட்டுக்குப் போய்க் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி வந்து, அரைத்து மோரில் கலக்கிக் கொண்டுவந்தாள்.

அதை மூடநம்பிக்கை என்று நான் சொல்லமாட்டேன். 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் இந்தச் செடியைப் பற்றி 'லான்செட்' இதழில் எழுதினார்கள். ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கு முப்பது நாள் கொடுத்ததில் 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது என்றார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற்பாடு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஊரில் அதன் பேர் நிலைத்ததற்குக் காரணம் வேறு. கெட்ட தண்ணீரால் வருகிற காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அந்த நேரம் கையில் எந்தச் செடி இருக்கிறதோ அதற்குப் பேர். என்னுடையது அந்தக் காமாலை இல்லை.

டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பிறப்பு, ரத்தம், டாக்டர் கேட்கச் சொன்ன டெஸ்ட். அம்மா அழுவாள் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அப்பொ எங்கண்ணன்?" என்றாள்.

மாமன் சோமனூரில் தறி ஓட்டியவர். 41 வயதில் வயிறு வீங்கி, ரத்த வாந்தி எடுத்துச் செத்தார். 'ஈரல் கெட்டுப்போச்சு' என்றதும் ஊர் தீர்ப்பெழுதிவிட்டது: குடிச்சே செத்தான். "எம்பையன் சாராயத்தைக் கையில தொட்டதில்லீங்க" என்று அம்மிச்சி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பெத்தவ அப்படித்தான் சொல்லுவா என்று கேட்டவர்கள் நினைத்தார்கள். நாங்களும்தான்.

அடுத்த நாளே மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள். அம்மாவுக்கு டெஸ்ட் எடுத்தோம், இருந்தது. ஆனால் கிருமி தூங்குகிறது, ஈரல் சுத்தம், மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், ஆறு மாசத்துக்கு ஒருதடவை பார்த்தால் போதும் என்றார்கள். தங்கச்சிக்கும் மாப்பிள்ளைக்கும் இல்லை, தடுப்பூசி போட்டாயிற்று. நான் பிறந்த 1995-ல் அரசு அட்டவணையில் அந்த ஊசியே கிடையாது, 2011-ல்தான் நாடு முழுக்க வந்தது. இன்றைக்குக் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட்டுவிடுகிறார்கள். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் மாத்திரையும் அரசு மருத்துவமனையில் இலவசம். மாமன் காலத்தில் இது எதுவும் இல்லை. இருந்திருந்தாலும், பேர் தெரியாத நோய்க்கு யார் போய் மாத்திரை கேட்டிருப்பார்கள்?

அம்மிச்சிக்கு 81 வயது. ஊசியே வேண்டாம் என்றுவிட்டாள். அதனால் மாமனுக்கு வந்தது இதுதான் என்று நிரூபிக்க இனி வழியில்லை. அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "ரத்தத்துல வர்ற கிருமியாமா. நம்ம அண்ணனுக்கும் அதுவாத்தான் இருக்கோணும். குடியில்லை" என்றாள்.

அம்மிச்சி வெத்தலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "நாந்தான் அப்பவே சொன்னனே" என்றாள். கொஞ்சம் கழித்து என்னைப் பார்த்து, "நீ மாத்திர தின்னியா சாமி?" என்றாள்.

மணி ஒன்பது ஆகியிருந்தது. அம்மா எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.