அணைக்கரையிலிருந்து ஒரு கடிதம்

ஆத்தூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள சரவணா,

செம்பட்டியில் பஸ் மாறி மதியம் ஆத்தூர் வந்து சேர்ந்தேன். இப்போது காமராசர் அணைக்கரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரே கொடைக்கானல் கீழ்மலை. திண்டுக்கல்காரர்கள் குடிக்கிற தண்ணீர் இங்கிருந்தும் போகிறது. தண்ணீரில் வெயில் பட்டுத் தெறிப்பதால் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பார்க்க முடிகிறது. இந்தக் கண்கூச்சத்தைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

செம்பட்டி டீக்கடைக்குப் பத்து வயதுப் பையன் ஒருவன் பால் வாங்க வந்தான். முடி, புருவம், இமை எல்லாம் வைக்கோல் நிறம். கையால் வெயிலை மறைத்துக்கொண்டு, காசை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துத்தான் கொடுத்தான். “டேய் வெள்ளைக்காரா” என்று பெஞ்சிலிருந்து ஒரு குரல். அவன் திரும்பவே இல்லை. “கிரகணத்தன்னிக்கு அவங்கம்மா வெளிய வந்துட்டா” என்றார் கடைக்காரர்.

கிரகணம் என்ன செய்யும்? தோலுக்கும் முடிக்கும் கண்ணுக்கும் நிறம் தருகிற மெலனின் உடம்பில் சரியாக ஊறாததுதான் அல்பினிசம். பெரும்பாலும் அந்த மரபணுக் குறை தாயிடமும் தகப்பனிடமும் வெளியே தெரியாமல் இருக்கும். இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேரும்போது பிள்ளையிடம் தெரியும். அக்கா மகளைக் கட்டுகிற நம் வழக்கத்தில் அதற்கு வாய்ப்பு கூடுதல். வெண்புள்ளி வேறு, இது வேறு, இரண்டும் ஒட்டிக்கொள்ளாது. நிறத்தைவிடப் பெரிய பாடு பார்வைதான். கருவிழி நிலைகொள்ளாமல் ஆடும், கரும்பலகை தெரியாது, வெளிச்சம் கூசும்.

கரைக்கு வந்து போனில் சலீஃப் கெய்த்தாவைப் போட்டேன். 1949-இல் பிறந்த மாலி நாட்டுப் பாடகர். 13-ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாத்தாவின் வழிவந்தவர். கறுப்பினப் பெற்றோருக்கு அல்பினிசத்தோடு பிறந்தார். வாத்தியாராக ஆசைப்பட்டார், பார்வை போதாது என்று கதவைச் சாத்திவிட்டார்கள். பாடப் போனார். பாட்டு என்பது நம் பாணர்களைப் போன்ற ஒரு குலத்தின் தொழில், அரச வம்சத்துப் பிள்ளை பாடலாமா என்று வீட்டில் எதிர்ப்பு. அதையும் மீறிப் பாடித்தான் உலகம் அறிய உயர்ந்தார்.

2018-இல் மாலியின் ஃபானா என்ற ஊரில், அல்பினிசம் உள்ள ஐந்து வயதுச் சிறுமியைக் கொன்றுவிட்டார்கள். அப்படிப் பிறந்தவர்களின் உறுப்புகளுக்கு மந்திர சக்தி உண்டு என்ற மூடநம்பிக்கை ஆப்பிரிக்காவில் பல உயிர்களைக் குடித்திருக்கிறது. அதே ஆண்டு நவம்பரில் கெய்த்தா அந்த ஊருக்கே போய்க் கச்சேரி செய்தார். தலைநகரத்து அரங்கில் கண்டனம் சொல்வது சுலபம். அவர் கொலை நடந்த ஊர்ச் சனங்களின் முன்னால், அதே வெளுத்த தோலோடு நின்று பாடினார்.

இந்தப் பக்கத்துப் பறையின் கதையும் அப்படித்தான். அங்கே ஒரு குலம் பாடக்கூடாது என்றார்கள். இங்கே ஒரு குலம்தான் பறை அடிக்க வேண்டும் என்றார்கள், அதையும் இழிவு என்றார்கள். திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திராவின் சக்தி கலைக்குழுவில் பயின்ற தலித் பெண்கள் அந்தப் பறையையே மேடையேற்றித் தலைநிமிர்ந்து அடிக்கிறார்கள். எதைச் சொல்லி ஒதுக்கினார்களோ அதோடு ஊர் நடுவில் வந்து நிற்பது. ஃபானாவில் நடந்ததும் இதுதான்.

சரவணா, நீ வாத்தியார். அதனால் ஒன்று கேட்கிறேன். ஜூன் 13 உலக அல்பினிச விழிப்புணர்வு நாள். 2015 முதல் ஐ.நா. அனுசரிக்கிறது. நம் பள்ளிகள் திறக்கும் மாதம்தான். அன்று பொழுது சாய்ந்தபின் பள்ளி மைதானத்தில் பறை அடிக்கத் தெரிந்த பிள்ளைகளை வைத்து ஒரு நிகழ்ச்சி நடத்து. கெய்த்தாவின் பாட்டையும் ஒலிக்க விடு. வெயில் இறங்கிய நேரம் அல்பினிசம் உள்ள பிள்ளைகளின் கண்ணுக்கு இதம். காதால் கேட்பதற்குப் பார்வைக் குறை தடையில்லை. ஊராரும் வந்து கேட்பார்கள்.

உன் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் முன்பெஞ்சில், சன்னல் வெளிச்சம் முகத்தில் அடிக்காமல் உட்கார வை. தொப்பியும் முழுக்கைச் சட்டையும் போட்டு வர விடு. கண் ஆஸ்பத்திரியில் குறைபார்வைப் பிரிவில் காட்டச் சொல்லி வீட்டில் பேசு. எல்லாவற்றுக்கும் முன்னால், பேர் சொல்லிக் கூப்பிடு.

டீக்கடையில் அந்தப் பையனின் பேரை நானும் கேட்கவில்லை.

அன்புடன்,
மாணிக்கம்