விலைக்கு முன் அளவு

பதுளைக்குப் போகும் புகையிரதம் எங்கள் தெமோதரை நிலையத்தைத் தாண்டி, வளைந்து இறங்கி, அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தால் செல்லும். அந்த வளைவை வீட்டில் ஓடவிட வேண்டுமென்பது தம்பியின் ஆசை. மாதிரிப் புகையிரதத் தொகுதியொன்றை மலிவாகத் தேடித் தரும்படி என்னைக் கேட்டான்.

வெளிநாட்டுத் தொகுதியின் விலையோடு தபால் செலவும் சுங்கவரியும் சேர்ந்தால் வாப்பாவுக்குப் பெருஞ்சுமை. அத்துடன், 1:87 அளவு மாதிரியில் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீற்றர். நமது பாதையின் இடைவெளி 1676 மில்லிமீற்றர். அதை 87ஆல் வகுத்தால் 19.3 வரும். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது நம்மூர்ப் பாதையாகாது.

கணக்கைத் தம்பியிடம் காட்டினேன்.

"அப்ப நாமளே செய்வம் தாத்தா" என்றான்.

பழைய பத்திரிகைகள் மலையாயின. பிஸ்கட் பெட்டி அட்டை நிலையமானது. தண்டவாளத்தை 19.3 மில்லிமீற்றருக்கே ஒட்டினோம். காசு கொடுத்து வாங்கியது பசைப் போத்தல் மட்டுமே.